பகலில் சொம்பு எடுக்காதவள்

ஸ்ரீராம்புரத்தில் நான் வாழ வந்த சந்தில் பதினெட்டு வீட்டுக்கு ஒரே கக்கூஸ், சந்து முனையில். அதற்கு நேர் எதிரே சாக்கடையோரம் மோரிக்கட்டை. பகல் முழுக்க ஆம்பிளைகள் அதில் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். அதனால் பெண்கள் விடியுமுன் ஒரு தடவை போவோம், விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை. நடுவில் வரக்கூடாதென்று தண்ணீரே குடிப்பதில்லை.

இதில் பெருமை வேறு. "எம் மருமவ வந்து மூணு வருசம். பகல்ல சொம்பும் கையுமா ஒருத்தன் பாத்திருப்பானா?" என்று மாமியார் குழாயடியில் பேசுவார். எனக்கும் உச்சி குளிர்ந்துபோகும். தூ! மூத்திரத்தை அடக்கியதற்கா அத்தனை மெச்சல்?

அந்தக் கோடையில் ஒன்றுக்குப் போனால் நெருப்பாக எரிந்தது. வாயைத் திறக்கவில்லை. போனால்தானே எரியும் என்று தண்ணீரை இன்னும் குறைத்தேன். குளிர்காய்ச்சல் வந்தது. ஒருநாள் இரத்தமாகவே போனது. அப்புறம்தான் வீட்டுக்காரர் ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

நாளைக்கு எத்தனை லோட்டா தண்ணீர் குடிப்பாய் என்று டாக்டரம்மா கேட்டார்.

"ரெண்டு" என்றேன், பெருமையாக.

காரணத்தையும் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். "செடிக்குக்கூட அதுக்கு மேல ஊத்துவாங்கம்மா. இன்னொரு வாட்டி இப்படி வந்தா கிட்னி போயிடும். கட்டைல குந்தினு இருக்கறவனா உனக்கு கிட்னி குடுப்பான்?"

வீடு திரும்பிய மறுநாள் காலையில் மூன்று லோட்டா குடித்தேன். பதினோரு மணிக்குச் சொம்பை எடுத்தேன். மாமியார் வாசலை மறித்தார்.

"மானத்த வாங்காதடி. பொழுது சாயட்டும்."

"மானம் ஒங்களுக்கு, எரிச்சல் எனக்கா அத்தே? நவுருங்க."

கட்டையில் நாலு பேர். ஒருவன் இளித்தான். "இன்னாக்கா, பட்டப்பகல்லயே?"

"ஆமாண்டா. நீ இங்க குந்தினு இருக்கறதாலதான் ஒன்னப் பெத்தவ அடிவயித்தப் புடிச்சிக்கினு வீட்ல கெடக்குறா. போய்க் கேளு."

மூன்று பேர் எழுந்து போனார்கள். அவன் மட்டும் அசையவில்லை. அவன் எதிரிலேயே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

இதைப் படிக்கிற பெண்பிள்ளைகளே, தாகமெடுத்தால் குடியுங்கள். வந்தால் போங்கள். எரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தம் வரும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள்.

மறுநாள் நான் போகும்போது பக்கத்து வீட்டு மருமகள் சொம்போடு கதவிடுக்கில் நின்றாள். ஏழு மாதக் கர்ப்பிணி.

"வாடி."

"இருட்டட்டும்க்கா."

கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அவள் வெளியே வரும்வரை கக்கூஸ் கதவோரம் நின்று, கட்டையில் இருந்தவனை முறைத்துக்கொண்டிருந்தேன்.