கோட்டை மதிலில் எடுத்த படம்

முப்பது வருடமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். ஊர் பார்க்க வந்த எத்தனையோ பேருக்குக் கோட்டைக்கு வழி காட்டியிருக்கிறேன். நான் உள்ளே கால் வைத்தது போன கோடையில், அக்கா வந்தபோதுதான்.

அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து விசிட் விசாவில் வந்திருந்தார். உண்மையில் வரவேண்டியவர் எங்கள் இருவருக்கும் மூத்த அண்ணை. இரண்டு தரம் விண்ணப்பித்தும் அவருக்கு விசா கிடைக்கவில்லை. "நீயாவது போய்ப் பார்" என்று அக்காவை விண்ணப்பம் போடச் சொன்னார், கிடைத்துவிட்டது. அண்ணை சும்மா விடுகிற ஆளில்லை. பார்க்கவேண்டிய இடங்களைக் கொப்பித் தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஒவ்வோர் இடத்திலும் நின்று படம் எடுத்து உடனே அனுப்பவேண்டும் என்பது கட்டளை.

ஊர் சுற்ற லீவு எடுத்திருந்த அன்று, காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மச்சாள் போன் எடுத்தார். மச்சாள் என்றால் அண்ணையின் மனைவி. அண்ணை குளிக்கப் போன இடத்தில் விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

"அக்காவுக்கு உடனை சொல்லிப்போடாதையும் தம்பி. அவ பிரஷர்காரி. ஏதும் சாப்பிடப் பண்ணிப்போட்டு ஆறுதலாச் சொல்லும்."

சாவுச் செய்தியை வெறும் வயிற்றில் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் சட்டம். நானும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் கொஞ்சம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அக்கா சேலைக்கு ஓட்டச் சப்பாத்து போட்டுக்கொண்டு, தாளும் கையுமாக நின்றார்.

பாண் சாப்பிட்டுத் தேத்தண்ணி குடித்து முடித்தபோதே சொல்லியிருக்கலாம். நான் இருக்கிற எல்லிங்ஸ்ருட்டில் ரயில் ஏறியபோது சொல்லியிருக்கலாம். ட்வெய்ட்டா ஸ்டேஷனைத் தாண்டும்போது வாயெடுத்தேன். அக்கா தாளை மடியில் விரித்து வைத்து, "அண்ணை இதுகளை எல்லாம் எங்கை தேடிப் பிடிச்சாரோ" என்று சிரித்தார். பாண் ஒரு சாப்பாடா, மத்தியானம் சோறு சாப்பிட்ட பிறகு சொல்லுவோம் என்று எனக்கு நானே தவணை போட்டுக்கொண்டேன். மச்சாள் சொன்னது அக்காவின் பிரஷருக்காக. நான் தள்ளிப்போட்டது என் பயத்துக்காக.

ஒபேரா மண்டபத்தின் சரிந்த வெள்ளைக் கூரையில் அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். படம் எடுத்தோம், வாட்ஸ்அப்பில் அண்ணைக்கு அனுப்பினார். நகரசபை மணிக்கூட்டுக்குக் கீழே ஒன்று. துறைமுகத்தில் ஒன்று. "இன்னும் பார்க்கேல்லை. மனுசன் நித்திரை போல" என்றார். நான் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோட்டைக்குள் போனதும், "எங்கடை கோட்டையை விடச் சின்னன். இதுக்கே இவ்வளவு சனம்?" என்று அக்கா குறை பிடித்தார். புல்லில் குந்தியிருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். அவர் வடிவாகச் சாப்பிட்டார். நான் பிசைந்துகொண்டிருந்தேன். இனித் தவணை இல்லை என்று எனக்குத் தெரியும். கை கழுவித் துடைத்ததும் அக்கா எழும்பிவிட்டார்.

"நீயும் வா. ரெண்டு பேருமா நிண்டு ஒண்டு எடுப்பம். அண்ணைக்குச் சந்தோசமாயிருக்கும்."

வழியில் போன ஒரு பெண்ணிடம் போனைக் கொடுத்துவிட்டு என்னை மதிலோரம் இழுத்துக்கொண்டு போனார். "முகத்தை உம்மெண்டு வைச்சிருக்காதை. சிரி" என்று விலாவில் இடித்தார். நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

படம் போய்ச் சிறிது நேரத்தில் அக்கா துள்ளினார். "அண்ணை பார்த்திட்டார்! சரிக்குறி எல்லாம் நீலமாயிட்டுது!"

யாழ்ப்பாணத்தில் அப்போது பின்னேரம். அண்ணையை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருப்பார்கள். அவருடைய போன் யார் கையில் இருந்ததோ.

"பார்த்துப்போட்டு ஏன் ஒண்டும் எழுதேல்லை? நில், எடுத்துக் கேக்கிறன்" என்று அக்கா விரலைக் கொண்டுபோனார். நான் போனைப் பறித்தேன். பறித்த கையோடு, நின்ற நிலையில், காலையிலிருந்து அடைகாத்ததை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டேன். ஆறுதலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அக்கா கத்தவில்லை. மதிலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இருந்தார். "உனக்கு எத்தினை மணிக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"காலமை ஆறு மணிக்கு."

போனை வாங்கி அந்தப் படத்தைத் திறந்தார். "இதை அழிக்கேலுமோ?"

அழித்தேன். பார்த்தவர்கள் பார்த்தவர்கள்தான்.

"நான் தெரியாமல் சிரிச்சனான்," என்றார் அக்கா. "நீ?"

மறுநாள் எல்லிங்ஸ்ருட்டில் சோபாவில் இருந்து, போனின் சின்னத் திரையில் அண்ணையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தோம். அக்கா என் கையைப் பிடித்திருந்தார். மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மச்சாள் இப்போதும் கிழமைக்கு ஒருமுறை போன் எடுப்பார். பிள்ளைகளைக் கேட்பார், குளிரைக் கேட்பார். அன்று அண்ணையின் போன் தன் கையில்தான் இருந்தது என்று ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவுக்கு அப்போது தெரியாது என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும், சொன்னதே அவர்தானே.