வெறுங்காலில் எடுத்த அளவு

உலகப் போர் நடந்த காலத்தில் ஆவடியில் ஓர் இராணுவப் பட்டறையில் மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்க்கும் பணியில் இருந்தேன். என் தங்கையின் கணவர் அங்கேயே மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுசெல்பவர். ஐப்பசி மழையில் பூந்தமல்லிச் சாலை அறுந்துவிட்டபடியால், ஏரிக்கரைச் சேற்றின் மீதே அவர் போய்வர நேர்ந்தது. கால் வைக்கும் கட்டையின் ரப்பர் வழுக்கி இருமுறை விழுந்திருந்தார்.

ஆகவே ரப்பரை நீக்கி, ரம்பம்போல் பல் அறுத்த இரும்புக் கட்டைகளைப் பொருத்தினேன். அதற்கேற்பக் கியர் கம்பியையும் தாழ்த்தினேன். முதல் கியருக்கு அதனை மிதிக்க வேண்டும். மற்றவற்றுக்குக் கால் நுனியை அடியில் நுழைத்துத் தூக்க வேண்டும். நானே ஏறி அமர்ந்து, என் காலை நுழைத்து இடைவெளியைத் தீர்மானித்தேன்.

“இன்னா மச்சான், முதலைப் பல்லாட்டம் கீது! கடிக்காதே?” என்றார் அவர்.

“சேத்தைத்தான் கடிக்கும் மாப்ளே. பாத்துப் போங்க.”

வாயிலைத் தாண்டியும் வண்டி முதல் கியரிலேயே அலறிக்கொண்டு சென்றது. சேற்றுக்கு அஞ்சி மெதுவாகப் போகிறார் என்று கருதினேன்.

நண்பகலில் காவற்காரரின் பூட்ஸ் என் கண்ணில் பட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கருவிகள் இருக்குமிடமென்று நாங்கள் செருப்பை வெளியே விட்டே பட்டறைக்குள் நுழைவோம். நான் அளந்தது வெறுங்காலை; அவர் ஓட்டுவதோ பூட்ஸோடு! அந்த இடைவெளியில் பூட்ஸை வலிந்து நுழைத்தால் சிக்கிக்கொள்ளும். வண்டி சாய்ந்தால் அவரால் காலை ஊன்ற இயலாது. கரையின் ஒருபுறம் நிறைந்த ஏரி. மேனாம்பேட்டு வீட்டில் தங்கைக்கு அது எட்டாம் மாதம்.

பட்டறை மேஸ்திரியிடம் ஓடி, பின்தொடர வண்டி கேட்டேன்.

“இன்னாத்துக்கு? உன் மாப்ள இன்னா, பால் குடிக்கிற கொயந்தையா?”

பிழை என்னுடையது என்பதை மறைத்தேன். திரும்பி வந்து ஸ்பானரைக் கையில் எடுத்தேன். எந்த மரையைத் திருகினேன் என்பது இன்றும் நினைவில்லை. வெளியே எஞ்சின் ஒலி கேட்கும்தோறும் எழுந்து ஓடினேன்.

பொழுது சாயும் வேளையில் அவர் வந்தார். பூட்ஸ் இரண்டும் கயிற்றால் முடிந்து கழுத்தில் தொங்கின. உள்ளங்கால்களில் இரும்புப் பற்கள் கிழித்து இரத்தம்.

“பொய் சொல்லிட்டியே மச்சான். சேத்தை மட்டுமா கடிச்சிது?” என்று சிரித்தார். “கால் மாட்டிக்கினு ஏரில சாயப் பாத்தேன். அப்பால பூட்ஸைக் கயட்டிட்டேன்.”

அந்த ஈர பூட்ஸை என் காலில் மாட்டிக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி பட்டறைக்குள் நடந்தேன்.

“இன்னாய்யா, பூட்ஸோட உள்ளே வரே?” என்று மேஸ்திரி இரைந்தார்.

“நான் அளவு தப்பா வச்சிட்டேன்,” என்றேன். வண்டியில் ஏறி அமர்ந்து, கியர் கம்பியின் மரையைத் தளர்த்தினேன்.