குருவிக்காக நிறுத்திய ஃபேன்

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மறுபடியும் மைனா இறகுகள். எதிர்வீட்டுப் பூனைதான். கேட்டால், "பூனைக்கு என்னண்ணே தெரியும்" என்கிறார் அந்த வீட்டுக்காரர்.

சின்ன வயதில், அவனியாபுரம் வீட்டில் அப்பாவும் இதையேதான் சொன்னார். டியூப்லைட்டின் மேல் குருவி கூடு கட்டியிருந்தது. அடிபட்டுவிடும் என்று சித்திரைப் புழுக்கத்திலும் ஃபேன் போட விடமாட்டார். நாங்கள் வேர்த்து வழிந்தோம். எங்கள் வீட்டுப் பூனைக்குப் பால் ஊற்றி, கதவைத் திறந்து வெளியே விடுவதும் அவரேதான். குஞ்சு முதன்முதலாக முற்றத்துக்குப் பறந்த அன்றே பூனை அதைக் கவ்விக்கொண்டு போனது.

"பூனைக்கு என்ன தெரியும்" என்றார் அப்பா.

"பூனைக்குத் தெரியாது. கதவத் தொறந்துவிட்ட உங்களுக்குமா தெரியல?" என்ற அம்மா, எழுந்துபோய் ஃபேனை முழு வேகத்தில் போட்டாள்.

இறகுகளைக் கூட்டி அள்ளினேன். எதிர்வீட்டு வாசலில், கோலத்தின் நடுவே கொட்டிவிட்டு வந்தேன்.