வெத்துத்தாளில் ஒரு பச்சைக் கையெழுத்து

என் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கிறது. மேலே ஒன்றும் எழுதியிருக்காது. அடியில் மட்டும் ‘உண்மை நகல்’ என்ற முத்திரையும், பச்சை மையில் கள்ளக்குறிச்சி மாட்டு டாக்டரின் கையெழுத்தும் இருக்கும். அதை எனக்கு வாங்கி வந்தவள் என் அத்தை மகள். அவளைப் பார்த்துத்தான் நான் வாழ்நாளெல்லாம் வயிறெரிந்தேன்.

இருவரும் ஒரே வகுப்பு. பிளஸ் டூ முடித்து, சென்னையில் பேர்பெற்ற ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தோம். நூற்றுக்குத் தொண்ணூறு இல்லாதவர்களைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள் என்று பேச்சு. எங்கள் இருவருக்குமே அவ்வளவு இல்லை. கணக்கில் நான் அவளைவிட எவ்வளவோ மேலே. ஆனால் வேதியியலில் இருநூற்றுக்கு நூற்றுமூன்று. வெளியே நூற்றைம்பது என்று சொல்லி வைத்திருந்தேன். கோலம் முதல் கையெழுத்து வரை எல்லாவற்றுக்கும் அவளைத்தான் மெச்சுவார்கள். படிப்பு ஒன்றிலாவது நான் மேலே இருக்க வேண்டாமா?

மார்க் ஷீட்டுக்கு நகல் டைப் அடித்து, பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரி ஒருவரிடம் சான்று வாங்க வேண்டும். எங்கள் தெருவுக்கே அந்த அதிகாரி மாட்டு டாக்டர்தான். அவரோ தடுப்பூசி போடக் கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த சமயம் அது. சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. விண்ணப்பம் போய்ச் சேர இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

“அப்பாவும் நானும் சைக்கிள்ல வெள்ளிமலைக்குப் போறோம். உன்னுதையும் குடுடி, சேத்து வாங்கியாறேன்” என்று வந்து நின்றாள். கொடுத்தால் நூற்றுமூன்றைப் பார்த்துவிடுவாளே.

“நம்ம மார்க்குக்கு எங்க கெடைக்கப் போவுது? எனக்கு வாணாம்” என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தாள். கிடந்த மரங்களின்மேல் சைக்கிளைத் தூக்கித் தூக்கித் தாண்டியதில் கையெல்லாம் சிராய்ப்பு. அவளுடைய அப்பா களைத்துப்போய்த் தங்கள் வீட்டு வாசலிலேயே படுத்துவிட்டாராம். இந்தத் தாளை என்னிடம் நீட்டினாள்.

“டாக்டருகிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கியாந்தேன். மேல நீயே டைப் அடிச்சிக்கோ.”

நான் அடிக்கவில்லை. அவள் போட்ட பிச்சையிலா நான் படிக்க வேண்டும் என்று இருந்தது. மறியல் ஓய்ந்ததும் அவள் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினாள். நானும் அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். கடைசிப் பட்டியலில் அவளுக்கு இடம் கிடைத்தது. அன்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். நூற்றுமூன்றைச் சேர்த்தும் அவளைவிட எனக்கு நான்கு மார்க் அதிகம். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல், காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டேன்.

அவள் பேராசிரியை ஆனாள். நான் உள்ளூர் ஆபீசில் ஊரார் மனுக்களையெல்லாம் டைப் அடித்தே காலத்தை ஓட்டினேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக வந்தவள், என் புடவை ஒன்றைக் கட்டிக்கொள்வதற்காகப் பீரோவைத் திறந்தாள். தாள் அவள் கையில் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னாடி இது? நீ அனுப்பவே இல்லியா?”

“கெமிஸ்ட்ரில நூத்திமூணு” என்றேன். அந்த எண்ணை அவளிடம் நான் சொன்னது அதுதான் முதல்முறை.

“தெரியுமே. ஸ்கூல் ரிஜிஸ்டர்ல எல்லார் மார்க்கையும் என்னத்தான எழுதச் சொன்னாங்க. நான் பாத்துடுவேன்னுதான நீ குடுக்கல? அதான் வெத்துத்தாளா வாங்கியாந்தேன்.”

சொல்லிவிட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு கட்டப் போய்விட்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தெரு முழுக்க நூற்றுமூன்று என்று சொல்லிக்கொண்டு போயிருப்பேன். இத்தனை வருடமும் அந்தக் கல்லூரிக்காகத்தான் அவள்மேல் பொறாமைப்பட்டதாக நினைத்திருந்தேன். அந்தப் பொறாமை எவ்வளவோ தேவலை; இனி அவள் குணத்தைப் பார்த்தல்லவா வயிறெரிய வேண்டும். தாளை மடித்துப் புடவைகளுக்கு அடியிலேயே வைத்தேன்.