முதுகில் பதிந்த விரல்கள்

பாதியாக அறுத்த எலுமிச்சையை உள்ளங்கையில் கவிழ்த்து, மணிக்கட்டை ஒரு திருகு திருகி, தோலை வீசுவார். கூடைக்குள் விழுந்ததா என்று பார்க்க மாட்டார். அதற்குள் அடுத்தது கைக்கு வந்திருக்கும். சாறு பிழிந்து பாட்டிலில் அடைக்கும் அந்தக் கொட்டகையில் அவருக்குப் 'புளிப்பு' என்று பேர். தொழிலை வைத்து வந்த பேர் என்று சொல்லிக்கொள்வார். "உன் வாய்க்கு வச்சதுய்யா" என்பான் பக்கத்தில் பழம் அறுப்பவன்.

வாய் அப்படித்தான். சோறு கேட்டாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். கை மட்டும் யார் மேலும் போனதில்லை. ஆனால் தெருவுக்குக் கேட்பது வாய்தானே.

கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது, பல்பு வெளிச்சம்தான். சோப்பும் கிடையாது, வாசனை சாற்றில் ஏறிவிடும் என்று மேஸ்திரி அதை வெளியே வைத்துவிட்டார். வேலை முடிந்து கிளம்பும்போதுதான் சோப்பு. நடுவில் எழுந்தால் வாளியில் கையை முக்கி உதறுவதோடு சரி.

போன மாதம் ஒரு மத்தியானம், மனைவி வீட்டுச் சாவி வாங்க வந்தாள். இடுப்பில் இரண்டு வயது மகள். புழுக்கத்துக்குப் பிள்ளைக்குச் சட்டை போடவில்லை. இவர் கையை முக்கி உதறிவிட்டு ஓடி வந்து, உச்சி வெயிலில் மகளைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பிடித்தார். அவள் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் குளிப்பாட்டும்போது முதுகு செக்கச் சிவந்திருந்தது. பிறகு கொப்புளித்தது, கறுத்தது. ஐந்து விரல், அகன்ற உள்ளங்கை.

"அடிச்சீங்களா?" என்றாள் மனைவி. கத்தவில்லை.

"பைத்தியமா உனக்கு?"

"அப்ப இது யாரு கை?"

அவர் தன் கையைப் பார்த்தார். அந்த வாரம் ஒரு நாள் கொஞ்சம் குடித்திருந்தார்.

மனைவியின் தம்பி வந்து அக்காவையும் பிள்ளையையும் கூட்டிப் போனான். "பச்சப்புள்ள மாமா. எப்படி மனசு வந்துச்சு?" என்றான். அடித்திருப்போமோ என்று அவரே நினைக்கத் தொடங்கியிருந்தார்.

பிள்ளையைக் காட்டப் போன இடத்தில் தோல் டாக்டரம்மாதான் மனைவியிடம் கேட்டாள்: "புள்ளையோட அப்பா என்ன வேலை பாக்கறாரு?" எலுமிச்சைத் தோலில் பெர்காப்டென் என்று ஒன்று இருக்கிறதாம். கூமரின் என்கிற ரசாயன வகை. மரமே தனக்குச் செய்துகொள்வது. தண்ணீரில் கரையாது, அதனால் உதறினால் போகாது. இருட்டில் பேசாமல் கிடக்கும். வெயில் பட்டால் முழித்துக்கொண்டு தோலைச் சுடும். சுட்டதையும் அன்றைக்கே காட்டாது. அவர் உள்ளங்கை காய்த்துப்போனது, அதனால் தப்பித்தது.

"அடிச்சதுல வந்தது இல்லம்மா. தூக்கினதுல வந்தது."

மனைவி திரும்பி வந்துவிட்டாள். தம்பி வரவில்லை. கறுப்பு மறைய மாதக்கணக்காகுமாம். பிள்ளையின் சட்டை விலகும்போதெல்லாம் தெரு பார்க்கிறது. ஒவ்வொரு வாசலிலும் நின்று பெர்காப்டெனைச் சொல்ல முடியுமா?

இப்போது கொட்டகையில் சோப்புப் போட்டுவிட்டு வந்து, வீட்டிலும் முழங்கைவரை தேய்க்கிறார். "போதுங்க, தோல் உரிஞ்சிரும்" என்கிறாள் மனைவி. அதற்குள் மகள் ஓடி வந்து கையை விரித்து நிற்கிறாள். "தூக்கு."

வெயில் எப்போதோ இறங்கிவிட்டது. ஆனாலும் அவர் வானத்தை ஒரு தரம் பார்க்கிறார். குனிந்து, விரல்கள் பத்தையும் மடக்கி இறுக்கிக்கொண்டு, மணிக்கட்டாலும் முழங்கையாலும் அவளை அள்ளித் தூக்குகிறார்.