ஒரு ‘ஜ’ போட மறுத்ததால்...

தமிழ்ப்பற்று சில நேரம் காலை வாரிவிடும். போன ஞாயிற்றுக்கிழமை என் காலை வாரியது.

கேரள எல்லையை ஒட்டிய உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு வாசகசாலையில் விவசாயிகள் கூட்டம். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் பயிர் செய்வது பற்றிப் பேச்சு. மலையாளத்தில் இதற்கு ‘ஜைவ கிருஷி’ என்று பெயர். தமிழ் நோட்டீஸ் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ‘இயற்கை விவசாயம்’ என்று எழுதித் தொலைத்திருக்கலாம். ஊரில் புழங்கும் சொல்லையே போடுவோமே என்று நினைத்தேன். அதோடு நிறுத்தினேனா? வடமொழி எழுத்து எதற்கு என்று ‘ஜ’வைத் தூக்கிவிட்டு ‘ச’ போட்டேன். சைக்ளோஸ்டைல் எடுத்து ஊரெல்லாம் கொடுத்தும் விட்டார்கள்.

‘சைவ விவசாயிகள் கூட்டம். அனைவரும் வருக!’

எப்படி வருவார்கள்? ஒருவர் வாசலிலேயே நின்றுகொண்டு, “சாரே, இது சாதிச் சங்கமா, கோயில் கமிட்டியா?” என்று கேட்டார். உள்ளே பாதி நாற்காலி காலி.

முன்வரிசையில் இருந்த விவசாயி சரோஜினிக்கு அழாத குறை. அவர் தன் வயலில் மருந்தடிப்பதை விட்டுவிட்டார். அதற்கு மேல்வயல் தேவதாஸ் அண்ணனுடையது. அவர் விடவில்லை. அங்கே அடிப்பதெல்லாம் தண்ணீரோடு இறங்கி இங்கே வந்துவிடுகிறது. போன பருவத்தில் மீன்குஞ்சுகள் செத்து மிதந்தனவாம். தேவதாஸ் வராவிட்டால் சரோஜினிக்கு இந்தக் கூட்டத்தால் என்ன பிரயோஜனம்?

“நீங்கதானே எழுதினது? நீங்களே போய் விளிச்சிட்டு வாங்க சாரே” என்றார்.

மொபெட்டில் போனேன். சர்ச் முடிந்து வந்து தேவதாஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நோட்டீஸ் பாத்தேன். மத்திக்கறி இல்லாம சோறு எறங்காத ஆளாக்கும் நான். சைவக்காரங்க கூட்டத்துல எனக்கு என்ன காரியம்?”

விளக்கினேன். சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. “ஜைவமா! அத அப்படியே எழுதினா கை முறிஞ்சா போவும்?”

கையைக் கழுவிவிட்டுக் கூடவே வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? தென்னை அடிமூட்டில் மீன்கழிவு புதைப்பது எப்படி என்று கால் மணி நேரம் வெளுத்து வாங்கினார். சைவக் கூட்டத்தில் மீனுக்குக் கைதட்டல்!

அப்போது சரோஜினி எழுந்தார்.

“அண்ணே, தென்னைக்கு இவ்வளவு பாக்கிறீங்க. வயலுக்கு மட்டும் எதுக்கு மருந்து? அது எனக்க வயலுலயாக்கும் வந்து நிக்குது.”

மனுஷன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டால்?

தேவதாஸ் தலையைச் சொறிந்தார். “பயமாக்கும் மக்கா. பூச்சி விழுந்து கதிரு போச்சுன்னா வீட்டுல என்ன சொல்லுவேன்?”

“பூச்சி வந்தா என்னை விளியுங்க. வேப்பெண்ணெயும் சோப்பும் கலக்கி எடுத்துட்டு நானும் வாறேன். ரெண்டு வயலுக்கும் சேத்து அடிப்போம்.”

தேவதாஸ் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“செரி. இந்தத் தடவை மருந்து இல்ல. நீ சொன்னதுக்கு இங்க இருக்க எல்லாரும் சாட்சியாக்கும், பாத்துக்கோ.”

இத்தனை வருடம் ஒரே வரப்பின் இரண்டு பக்கமும் நின்றவர்கள். இதைப் பேச ஒரு வாசகசாலையும் முப்பது நாற்காலியும் தேவைப்பட்டிருக்கின்றன. நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தானே? விளைச்சல் எப்படி இருக்குமோ, தெரியாது. ஆனால் எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

வரப்பு அங்கேயேதான் இருக்கிறது... பூச்சி மட்டும் பொதுவாகிவிட்டது!