நடுவர் அவரைத்தான் கேட்டார்

ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியிலிருந்து தண்ணீர் செங்கல் நிறத்தில் வடியும். ஜேர்மனியின் டோட்மண்டில் அப்பாவின் அணி பந்தடித்தது புல்லில் அல்ல. சாம்பலும் செந்தூளும் கொட்டிய, மழை பெய்தால் இரும்பு மணக்கும் திடலில். விழுந்தவரின் முழங்காலில் தோல் மிஞ்சாது.

அப்பா கோல் காப்பார். அவருக்கு முன்னால் 'பேக்'காகத் தடுத்து நின்றவர் அணியின் கப்டன் டெக்லன் மாமா. அயர்லாந்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, எங்கள் ஆட்களோடு ஒரே சாரத்தில் நின்று வேலைசெய்து, அப்படியே அணிக்குள்ளும் வந்துவிட்டவர். பத்துத் தமிழருக்கு நடுவே ஒரு செம்பட்டைத் தலை, "விடாத, விடாத!" என்று தமிழில் கத்துவதைக் கேட்டு எதிரணியினர் திகைத்துப்போவார்கள்.

எனக்குப் பத்து வயதான வருடம், கடைசி ஆட்டத்தில் வென்றால் மேல்பிரிவுக்குப் போகலாம் என்ற நிலை. ஒரு கோல் முன்னால் இருந்தோம். முடிய இரண்டு நிமிடம் இருக்கையில், அப்பாவைத் தாண்டிப்போன பந்தை டெக்லன் மாமா கோட்டில் நின்று வெளியே தள்ளினார். தலையால்தான் என்று நாங்கள் கைதட்டினோம். கையால் என்று எதிரணி கூச்சலிட்டது. சரியாகப் பார்த்திராத நடுவர் நேரே அவரிடமே போய்க் கேட்டார். டெக்லன் மாமா நிலத்தைப் பார்த்தார். பிறகு, "கைதான்" என்றார். சிவப்பு அட்டையை வாங்கிக்கொண்டு, கப்டன் பட்டியைக் கழற்றி அப்பாவின் கையில் மாட்டிவிட்டு வெளியேறினார். பெனால்டியை அப்பாவால் பிடிக்க முடியவில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தது, மேல்பிரிவு கைநழுவியது.

காரில் அப்பா பொருமினார்: "வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கலாம்தானே!"

"நீங்களும் பந்தைப் பிடிச்சிருக்கலாம்தானே" என்றார் அம்மா.

அடுத்த கிழமை, புதுக் கப்டனைத் தெரிவுசெய்ய எங்கள் வீட்டில் கூடினார்கள். டெக்லன் மாமா வரவில்லை. "அண்ணை, நீங்களே இருங்கோ" என்று எல்லோரும் அப்பாவைக் கேட்டார்கள். அப்பா தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"நடுவர் அவனை நம்பிக் கேட்டவர். எங்களில ஒருத்தரையும் அப்பிடிக் கேட்டிருக்கமாட்டார். எனக்கு ஏலாது. அவனே இருக்கட்டும்."

முழங்கால் இடம்கொடுத்தவரை, இன்னும் ஆறு வருடம் டெக்லன் மாமாவே கப்டன். அணி ஒருநாளும் மேலே போகவில்லை.

இப்போது அந்தத் திடல் முழுக்க வீடுகள், அணியும் கலைந்துவிட்டது. அயர்லாந்துக்கே திரும்பிவிட்ட டெக்லன் மாமா வருடந்தோறும் அப்பாவின் பிறந்தநாளுக்குத் தவறாமல் அழைப்பார். இந்த வருடம் அழைப்பு வரவில்லை. மாலைவரை பார்த்திருந்து அப்பாவே அழைப்பு எடுத்தார். டெக்லன் மாமாவின் ஜேர்மன் மனைவி பேசினார்; மாசி மாதம் காலமாகிவிட்டாராம். அப்பாவுக்கு ஆறுதல் வார்த்தை எதுவும் ஜேர்மனில் வரவில்லை. "எங்கட கப்டன், எங்கட கப்டன்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு நின்றார்.